எத்தனை மதிப்பெண்களை அனுப்புவது?

தான் பெற்ற மதிப்பெண்ணை மறைக்கும் உரிமை ஒரு மாணவருக்கு உண்டா? அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையின் வரலாற்றில் இக்கேள்வி பலமுறை தலைதூக்கியிருக்கிறது. 'எஸ்.ஏ.டி. பாடத் தேர்வுகளை' முன்வைத்து அதைச் சற்றே நோக்குவோம்.

1900இல் உருவான காலேஜ் போர்டு 1901 ஜூனில் நடத்திய முதல் தேர்வுகளே பாடவாரியானவைதாம். விரிவாக விடை எழுதவேண்டியவை. பொதுத்திறனை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட எஸ்.ஏ.டி. 1926இல்தான் வந்தது. 1937இல் 'அச்சீவ்மென்ட்' தேர்வுகள் அறிமுகமாயின. போர்க்காலமான 1942இல் பழைய கட்டுரைத் தேர்வுகள் கைவிடப்பட, இவை நிலைத்தன. பிற்பாடு பெயர் மட்டும் இருமுறை மாறியது. ஒரு மணி நேரத் தேர்வு, 200 முதல் 800 வரை மதிப்பெண்.

மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு, விரும்பியதை மட்டும் கல்லூரிக்கு வெளியிடலாம் என்ற 'ஸ்கோர் சாய்ஸ்' வசதி தொண்ணூறுகளில் இத்தேர்வுகளுக்கு இருந்தது. கருணையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் யாருக்குக் கருணை? மீண்டும் மீண்டும் கட்டணம் கட்டி எழுத வசதி உள்ளவருக்கே. மற்றவருக்கு மறைப்பதற்கு ஒன்றும் இராது. ஒரே முறை எழுதியிருப்பார். 2002இல் வசதி நீக்கப்பட்டது. 2009இல், இம்முறை எஸ்.ஏ.டி.யையும் சேர்த்துக்கொண்டு, திரும்பி வந்தது. அப்போதே யேலும் ஸ்டான்ஃபோர்டும் எல்லா மதிப்பெண்களையும் கேட்டன.

எண்ணிக்கையிலும் ஊருக்கொரு நியாயம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் மூன்று தேர்வுகளைக் கேட்டது: எழுத்து, கணிதம், மூன்றாவது மாணவரின் விருப்பம். அந்த மூன்றாவதில்தான் சுவையான செய்தி இருக்கிறது. ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் தாய்மொழியையே தேர்வாக எழுதி மதிப்பெண் ஈட்டினர். குடியேறியோர் வீட்டு மொழி ஒரு சுமையாகவே எண்ணப்பட்டுவந்த நாட்டில், அது இங்கே ஒரு முதலாயிற்று. (தமிழ் அந்தப் பட்டியலில் ஏறவேயில்லை என்பதையும் சொல்லிவிடுவோம்.) 2001இல் அப்பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன் எஸ்.ஏ.டி.யை விட்டுப் பாடத் தேர்வுகளை வைத்துக்கொள்ளலாம் என்றார். நடந்தது நேரெதிர்: 2012இல் சேர்ந்தோர் முதல் பாடத் தேர்வுகள் கட்டாயமில்லை என்றாயின, எஸ்.ஏ.டி. தொடர்ந்தது.

இரண்டு போதும் என்ற கல்லூரிக்கு மூன்றாவதையும் அனுப்புவதா? 780, 760 பெற்றவர் ஒரு 640ஐயும் சேர்த்தால், கேளாத கேள்விக்குத் தவறான விடை சொன்னதாகிவிடும் என்பது எம் கருத்து. ஆயினும் பொறியியல் நாடுபவர் இரண்டையும் மொழிப்பாடங்களாக அனுப்பிவிட்டு, கணிதத்தைப் பற்றி மௌனம் காத்தால் அந்த மௌனமும் படிக்கப்படும். எம்.ஐ.டி. கணிதம் ஒன்று, அறிவியல் ஒன்று எனத் தானே வரையறுத்து இக்குழப்பத்தைத் தவிர்த்தது. 2020இல் அதுவும் பாடத் தேர்வுகளைக் கைவிட்டது.

2021 ஜனவரியில் காலேஜ் போர்டு பாடத் தேர்வுகளை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவில் உடனடியாக, வெளிநாடுகளில் அவ்வாண்டு மே, ஜூனில் கடைசியாக. எஸ்.ஏ.டி.க்கு மட்டும் அந்தத் தெரிவுரிமை இன்றும் உண்டு. எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லும் கல்லூரிகளும் சில உண்டு.