வருவாய்க்கு மிஞ்சிய செல்வம்



இலஞ்சம் என்பது இருவர் மட்டும் அறியச் செய்யப்படும் குற்றம். கொடுத்தவனும் சொல்லான், வாங்கியவனும் சொல்லான். களவு போன வீட்டுக்காரன் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுவான். இலஞ்சம் கொடுத்தவனோ தன் காரியம் கைகூடிய மகிழ்ச்சியில் வீடு திரும்புகிறான். அல்லது தானும் குற்றவாளியாகலாம் என்று அஞ்சி வாய்மூடியிருக்கிறான். ஆகவே, பணம் கைமாறியதைக் கண்ட சாட்சி எங்கே என்று நீதிமன்றம் கேட்கும்பொழுது பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. ஆயினும், சேர்ந்த செல்வத்தை நெடுங்காலம் மறைத்து வைத்தல் அரிது. வீடும் நிலமும் வங்கிக் கணக்கும் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். இவ்வுண்மையை அடியாகக் கொண்டு எழுந்ததே, சம்பளத்துக்கு மிஞ்சிய செல்வம் எவ்வாறு வந்தது என்று அரசாங்க உத்தியோகத்தரை வினவும் சட்டம். அச்சட்டத்தின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று ஹொங்கொங்கில் நிகழ்ந்தது.

அக்காலத்தில் ஹொங்கொங் பிரித்தானியரின் குடியேற்ற நாடு. ஊழலைத் தடுக்கும் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே அங்கு இயற்றப்பட்டிருந்தது. ஆனால், ஊழலை விசாரிக்கும் பிரிவு பொலிஸ் படைக்குள்ளேயே இருந்தது. பொலிசாரே பொலிசாரை விசாரிப்பதால் விளையும் பயன் எத்தகையது என்பதை நேயர்கள் உய்த்துணர்ந்து கொள்வார்கள். 1968ஆம் ஆண்டில், இக்குறையைத் தீர்க்கும் வழியை அறிய விரும்பிய ஹொங்கொங் அரசாங்கம் ஒரு குழுவைச் சிங்கப்பூருக்கும் நம் இலங்கைக்கும் அனுப்பியது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும், 1958இல் தோன்றிய தனித் திணைக்களமும் இருந்தன. இவ்விரு நாடுகளிலும் இலஞ்சத்தை விசாரிப்போர் தனித்து இயங்குவதைக் கண்டு அக்குழுவினர் வியந்தனர். ஹொங்கொங்கின் புதிய இலஞ்சத் தடைச் சட்டம் 1971ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. உத்தியோக ஊதியத்துக்குப் பொருந்தாத வாழ்க்கை நடத்துபவரும், அவ்வூதியத்துக்குப் பொருந்தாத செல்வம் உடையவரும் அதற்குத் தக்க விளக்கம் தரவேண்டும். தராவிடின் அதுவே குற்றமாகும் என்று அதன் பத்தாம் பிரிவு விதித்தது. எனினும், விசாரணை செய்யும் பொறுப்பு பொலிஸ் படையிடமே விடப்பட்டது.

இரண்டாண்டுகள் செல்லுமுன் சோதனை வந்தது. பீற்றர் கோட்பர் என்பவர் 1952ஆம் ஆண்டில் பொலிஸ் சேவையிற் சேர்ந்து பிரதம அத்தியட்சர் பதவி வரை உயர்ந்தவர்; ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். அவர் வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்புவதாக 1973இல் தகவல் கிடைத்தது. வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, 43 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு மேற்பட்ட செல்வம் அவரிடம் இருப்பது தெரியவந்தது. அஃது இருபத்தோராண்டுகளில் அவர் பெற்ற சம்பளம் முழுவதையும் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒரு வார காலத்தில் விளக்கம் தருமாறு சட்டமா அதிபர் யூன் மாதம் 4ஆந் திகதி கட்டளையிட்டார். ஆனால், யூன் 8ஆந் திகதி கோட்பர் தம்மிடமிருந்த பொலிஸ் அனுமதிச் சீட்டைக் காட்டி, குடிவரவுச் சோதனையைத் தவிர்த்து விமானம் ஏறினார்; சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்து சென்றடைந்தார்.

மக்கள் கொதித்தெழுந்தனர். கோட்பரைப் பிடித்து வரவேண்டும் என்று மாணவர்கள் கூட்டங்கூடி முழங்கினர். தேசாதிபதி மக்லிஹோஸ், நீதியரசர் பிளேயர்-கெர் என்பவரை விசாரணை ஆணையாளராக நியமித்தார். பொலிஸ் படையில் ஊழலை ஓர் ஊர்திக்கு ஒப்பிடுவார்கள் என்று அவர் தம் அறிக்கையிற் குறித்தார். விரும்பியவர் அதில் ஏறிக்கொள்ளலாம். விரும்பாதவர் அருகே ஓடலாம். எதிரே நின்று மறிப்பது மட்டும் ஆகாது என்பதே அதன் கருத்து. இதன் பின், 1974ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி, பொலிஸ் படையினின்றும் நீங்கி, நேரே தேசாதிபதிக்குப் பொறுப்புக் கூறும் ஊழலுக்கெதிரான சுயாதீன ஆணைக்குழு பிறந்தது.

இனி, இவ்வரலாற்றின் வியப்பான பகுதியைக் கேளுங்கள். விளக்கமற்ற செல்வம் வைத்திருத்தல் இங்கிலாந்தின் சட்டப்படி குற்றமன்று. ஆகவே, பத்தாம் பிரிவின்கீழ்க் கோட்பரைத் திருப்பி அனுப்புமாறு கேட்க இயலவில்லை. பழைய வழியே புகலாயிற்று. குறிப்பிட்ட ஓர் இலஞ்சத்தை நேரிலறிந்த சாட்சிகளைத் தேட வேண்டியிருந்தது. 1974 ஏப்பிரில் மாதத்தில் அவர் இங்கிலாந்தில் கைதானார். 1975 சனவரியில் ஹொங்கொங்குக்குக் கொண்டுவரப்பட்டார். ஓர் உத்தியோகத்தரின் பதவி நியமனம் தொடர்பாக 25,000 டொலர் வாங்கியமை நிறுவப்பட்டு, நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வெளிப்பட்டது 43 இலட்சம்; தண்டனைக்கு ஏதுவானது 25 ஆயிரம்!

பாதை அத்துடன் செம்மையாகிவிடவில்லை. 1977இல் பொலிசார் திரண்டு ஆணைக்குழுவின் அலுவலகத்துட் புகுந்து கலகம் விளைத்தனர். அவ்வாண்டு சனவரி முதலாந் திகதிக்கு முற்பட்ட குற்றங்கள் பலவற்றுக்குத் தேசாதிபதி மன்னிப்பு அளிக்க நேர்ந்தது.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி என்பது நீதியின் அடிப்படை. அவ்வாறிருக்க, நீயே விளக்கு என்று சொல்வது முறையோ என்று சிலர் ஐயுறுவர். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஹொங்கொங் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் இதனை ஆராய்ந்தது. உத்தியோகத்தரின் செல்வம் அவர் ஊதியத்துக்குப் பொருந்தாது என்பதை முதலில் அரசதரப்பே ஐயத்துக்கிடமின்றி நிறுவ வேண்டும். அதன் பின்னரே விளக்கும் கடமை அவரைச் சாரும் என்று காட்டி, சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. செல்வம் வந்த வழியை உடையவனே நன்கறிவான். முதுசொமோ சீதனமோ விளைநிலத்து வருவாயோ ஆயின், நேர்மையாளனுக்கு அதைச் சொல்வதில் இடரில்லை.

இலங்கையும் இவ்வழியில் நடந்துள்ளது. தெரிந்த வருமானத்தால் வந்திருக்க இயலாத சொத்தை இலஞ்சத்தால் வந்ததாகக் கொள்ளும் ஏற்பாடும், சொத்துக்களையும் பொறுப்புக்களையும் வெளிப்படுத்தும் 1975ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. 2023ஆம் ஆண்டின் ஊழலுக்கு எதிரான சட்டம் இவற்றைத் திரட்டி ஒன்றாக்கியது. ஐக்கிய நாடுகள் சபையின் 2003ஆம் ஆண்டுப் பொருத்தனையும், இத்தகைய செல்வச் சேர்க்கையைக் குற்றமாக்குவது குறித்து ஆலோசிக்குமாறு நாடுகளைக் கேட்கிறது.

ஆயினும், சட்டம் ஏட்டில் இருந்ததனால் மட்டும் கோட்பர் அகப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. வினவும் அதிகாரம் இருந்தபோதே அவர் விமானம் ஏறினார். தனித்தியங்கும் ஆணைக்குழுவும், உண்மையுரைத்த சாட்சிகளும், வாளாவிராத மக்களும் சேர்ந்த பின்னரே அவர் திரும்பி வந்தார். ஒரு காலத்தில் பிறர் வந்து கற்றுச் சென்ற நாடு நம்முடையது. அவர்கள் கற்றதை எவ்வாறு நிறைவேற்றினார்கள் என்பதை இன்று நாம் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.