பொம்பெயியைப் பார்க்கப் போனவர்கள்

பொம்பெயி நகரத்துக்குச் சரித்திரங்கள் இரண்டு. கிறிஸ்துவுக்கு ஆறேழு நூற்றாண்டுகள் முன்பே தோன்றி, ஆஸ்கர், எத்ருஸ்கர், கிரேக்கர், சாம்நியர் என்று பல இனத்தாரின் வாழ்வுக்கும் வாணிகத்துக்கும் இடமளித்து, கி.மு. 80-இல் ரோமானியக் குடியேற்றமாகி, கி.பி. 79-இல் வெசூவியஸ் கக்கிய சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் மறைந்துபோனது வரையிலுள்ள சரித்திரம் ஒன்று; அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. மற்றொன்று, அந்தச் சாம்பலை அள்ளத் தொடங்கிய 1748-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அந்நகரத்தைக் காணச் சென்றவர்களின் சரித்திரம். இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆயினும் இன்று நேப்பிள்ஸிலிருந்து ரயிலேறிப் போய் இறங்கும் பிரயாணி காண்கிற பொம்பெயி, எரிமலை பாதியும் முன்னர் வந்து போன பிரயாணிகள் பாதியுமாகச் சேர்ந்து உண்டாக்கியது என்று சொல்லத் துணிவேன்.

விசித்திரம் என்னவென்றால், மறைந்த நகரத்துக்குள் நுழைந்தவர்களுள் முக்கியமான ஒருவர் அதைக் கண்டும் காணாதவராகவே வெளியேறினார். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், சார்னோ ஆற்றின் நீரை டோரே அனுன்சியாட்டாவிலிருந்த ஆலைகளுக்குக் கொண்டுபோக வேண்டிக் கால்வாய் வெட்டிய டொமெனிகோ ஃபொண்டானா என்ற கட்டடச் சிற்பி, பூமிக்கடியில் நகரத்தின் குறுக்காகவே சுரங்கம் தோண்டிச் சென்றார். சுவர்களும் கல்வெட்டுகளும் தட்டுப்பட்டும், கீழே ஒரு நகரமே உறங்குகிறது என்ற எண்ணம் எவருக்கும் உதிக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நேப்பிள்ஸின் பூர்போன் அரசர் சார்லஸின் ஆணையின்படி அல்குபியேர் என்னும் ஸ்பானிய இராணுவப் பொறியாளர் வேலையை ஆரம்பித்தபோதும், தாம் தோண்டுவது ஸ்டாபியே என்ற வேறோர் ஊர் என்றே நினைத்திருந்தார். பொம்பெயியின் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று 1763-இல் வெளிப்பட்ட பிறகுதான் ஐயம் நீங்கியது. அதுவரை நடந்ததை அகழ்வாராய்ச்சி என்று சொல்வதைவிடப் பொக்கிஷ வேட்டை என்பதே தகும். சிலைகளையும் வெண்கலப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு, நல்ல சித்திரங்களைச் சுவரோடு வெட்டிப் போர்ட்டிசி அரண்மனைக்கு அனுப்பிவிட்டு, தோண்டிய குழியை மறுபடி மண்ணிட்டு மூடிவிடுவார்கள்.

அந்நாளில் பொம்பெயியைப் பார்ப்பதென்பது அரசனுடைய தயவைப் பொறுத்த காரியம். அனுமதி பெற்றவரே உள்ளே போகலாம். போனவரும் சித்திரம் தீட்டலாகாது, குறிப்பெழுதலாகாது. போர்ட்டிசி மியூசியத்திலோ கட்டுப்பாடு இன்னும் கடுமை. தாம் வெளியிடுவதற்கு முன் உலகம் அறிந்துவிடக் கூடாது என்பது ராஜாங்கத்தின் கருத்து. கலை வரலாற்று அறிஞர் விங்கெல்மன் 1762-இல் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் இந்த ஏற்பாட்டையும் அல்குபியேரின் அறியாமையையும் சாடியது அரசவைக்குப் பெருங்கோபத்தை மூட்டிற்று. அவர் சாடியதில் நியாயம் இருந்தது.

ஆனால் உயர்ந்த விருந்தாளிகள் வந்தால் மட்டும் அரசவையின் கஞ்சத்தனம் மாயமாய் மறைந்துவிடும். முன்னதாகவே கண்டெடுத்த எலும்புக்கூடுகளையும் பாத்திரங்களையும் மறுபடி சாம்பலில் புதைத்து வைத்து, விருந்தாளி வந்து நிற்கும் வேளையில், அக்கணமே கிடைத்தாற்போல் தோண்டி எடுத்துக் காட்டுவது வழக்கமாயிற்று. 1769-இல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப், தம் மைத்துனராகிய நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்டினாண்டுடனும், ஆங்கிலத் தூதர் வில்லியம் ஹாமில்டனுடனும் விஜயம் செய்தபோது, ஒரு வீட்டில் அடுத்தடுத்துப் பொருள்கள் அத்தனை சுலபமாக வெளிப்படுவதைக் கண்டு ஐயுற்றாராம். இவ்வளவு பெரிய வேலையில் முப்பது ஆட்களே இருப்பது எப்படி என்று மைத்துனரைக் கடிந்துகொண்டும் போனார். அவர் பார்த்த வீட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. பதினான்கு வயது மொசார்ட் தன் தந்தையோடு வந்தது அடுத்த ஆண்டில். 1787-இல் வந்த கதேயோ, இவ்வளவு பேசப்பட்ட நகரத்தின் தெருக்கள் இவ்வளவு குறுகலா, வீடுகள் இவ்வளவு சிறியனவா என்று வியந்தார். ஐரோப்பிய உயர்குடி இளைஞர்கள் கல்வியின் நிறைவாக இத்தாலியைச் சுற்றி வருவதை நியதியாகக் கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொம்பெயி அப்பிரயாணத்தின் தென்கோடிக் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தக் காட்சியைப் பிரபுக்களின் கையிலிருந்து பிடுங்கிப் பொதுஜனத்திடம் கொடுத்தது. இத்தாலியின் முதல் ரயில் பாதை நேப்பிள்ஸுக்கும் போர்ட்டிசிக்கும் இடையே 1839-இல் ஓடத் தொடங்கி, சில ஆண்டுகளில் பொம்பெயியையும் தொட்டது. இதற்குச் சற்று முன்னர், 1834-இல், ஆங்கிலேயர் புல்வர் லிட்டன் எழுதிய ‘பொம்பெயியின் கடைசி நாட்கள்’ என்ற நாவல் வெளிவந்து, சரித்திரம் படியாதவர்களையும் அந்நகரத்தின்பால் இழுத்தது. வந்தவர்களோ வாயிலில் ஒருவனுக்கும் வீட்டுக் கதவைத் திறக்கும் வேறொருவனுக்கும் இனாம் கொடுத்துக் கொடுத்தே சலித்தார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர் ஜியுசெப்பே ஃபியோரெல்லி. பூர்போன் அரசின்கீழ் அரசியல் காரணமாகச் சிறையிருந்து, இத்தாலி ஒன்றுபட்டபின் 1863-இல் அகழாய்வுக்குத் தலைவரானவர். தெருவோரமாகத் துருவிச் செல்லும் பழைய முறையை விட்டு, வீட்டைக் கூரைமட்டத்திலிருந்து படிப்படியாகக் கீழ்நோக்கித் தோண்டும் முறையைக் கொண்டுவந்தார். நகரத்தைப் பகுதிகளாகவும், பகுதிகளைத் தெருக்களால் சூழப்பட்ட வீட்டுத்தொகுதிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் எண் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துவது அந்த எண்களையே. இவற்றோடு அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பலர் சிறிதாக நினைக்கிறார்கள். எனக்கோ அதுவே தலையாயதாகத் தோன்றுகிறது. இரண்டு லீரா கட்டணம் வைத்து, அதைக் கொடுத்த எவரும் உள்ளே வரலாம் என்று ஏற்படுத்தினார். அரசனுடைய அனுமதிச் சீட்டு போய் நுழைவுச் சீட்டு வந்த அந்த நாளில்தான் பொம்பெயி யாவருக்கும் உரியதாயிற்று.

ஆனால் ஃபியோரெல்லியின் பெயரை உலகம் நினைவு வைத்திருப்பது வேறொன்றுக்காக. இறுகிய சாம்பலுக்குள் மனித உடல்கள் அழிந்து விட்டுப்போன வெற்றிடங்களில் பிளாஸ்டர் குழம்பை ஊற்றி, அது உறைந்ததும் சுற்றியுள்ள சாம்பலை அகற்றினால், இறந்தவர் கடைசி நொடியில் இருந்த நிலை, துணியின் மடிப்புவரை, வெளிப்பட்டது. அதற்குப் பின் வந்த பிரயாணி முதலில் கேட்பது அந்த உருவங்களைத்தான். ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு கதையும் கட்டப்பட்டது. பொற்காப்பு வீடு என வழங்கும் இல்லத்தில் கிடைத்த உருவங்களுள், காப்பணிந்த ஒருவரையும் அவரருகில் கிடந்த குழந்தையையும் தாயும் சேயும் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியோ, அவர் ஆண் என்றும், அக்குழந்தைக்கும் அவருக்கும் இரத்த சம்பந்தமே இல்லை என்றும் காட்டிவிட்டது. கண்ணீர் விட்ட பிரயாணிகள் எத்தனை ஆயிரமோ!

என்னைக் கேட்டால், மரணத்தைக் கண்டு நிற்பதைவிட அங்கே ஜீவனத்தைக் காண்பதே மேல். தெருவின் குறுக்கே, மழைநீரிலும் அழுக்கிலும் கால் படாமல் கடப்பதற்காகப் பெரும் பாறைகளை வரிசையாக இட்டு, வண்டிச் சக்கரம் போவதற்கு அவற்றிடையே வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியில் சக்கரங்கள் அறுத்த பள்ளம் விரலால் தொட்டுப் பார்க்கும் ஆழத்தில் இருக்கிறது. எரிமலைக் கல்லால் செய்த திரிகைகள், எங்கள் ஊர் ஆட்டுக்கல்லைப் பத்து மடங்கு பெருக்கியதுபோல், ரொட்டிக் கடைகளின் முற்றத்தில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி இழுத்தவை கழுதைகள். 1862-இல் ஒரு கடையின் அடுப்பைத் திறந்தபோது, கரியாகிப் போன 81 ரொட்டிகள் உள்ளே இருந்தன. அபொண்டன்ஸா வீதியில், கல்மேடையில் பதித்த சாடிகளில் தின்பண்டம் வைத்து விற்ற கடை ஒன்றின் சாடிக்குள் ஏறத்தாழ மூன்று கிலோ நாணயம் கிடைத்தது. அதே வீதியின் சுவர்களில், இன்னாரைத் தேர்ந்தெடுங்கள் என்று சிவப்பு வர்ணத்தில் எழுதிய தேர்தல் விளம்பரங்கள். வீதியின் கிழக்குக் கோடியை அடுத்து, இருபதினாயிரம் பேர் அமரக்கூடிய வட்ட அரங்கு இருக்கிறது. கி.பி. 59-இல் பக்கத்து ஊராகிய நுகேரியாவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் உள்ளூராருக்கும் கலகம் மூண்டு, பலர் மாண்டு, ரோமாபுரி செனட் சபை பத்தாண்டுகளுக்கு அங்கே மல்விளையாட்டுகளைத் தடை செய்தது.

காணாமல் ஏமாறுகிறவர்களும் உண்டு. ஃபான் வீட்டின் தரையில் இருந்த, அலெக்ஸாந்தர் பாரசீகப் பேரரசனோடு பொருதும் மொசைக் சித்திரம் 1831-இல் கண்டெடுக்கப்பட்டு நேப்பிள்ஸ் மியூசியத்துக்குப் போய்விட்டது. காமக் காட்சிகள் கொண்ட பொருள்களை அங்கே தனி அறையில் பூட்டி வைத்து, திறப்பதும் மூடுவதுமாக நெடுங்காலம் கழித்து, 2000-இல்தான் பொதுவாகத் திறந்தார்கள். நகரத்தைப் பார்த்தவன் மியூசியத்தைப் பார்க்காமல் திரும்பினால் பாதியைத்தான் பார்த்தவனாவான்.

பார்க்க வந்தவர்களால் நகரம் அடைந்த தேய்மானத்துக்கு வருவோம். சாம்பல் காத்த சித்திரங்களை வெயிலும் மழையும் பல்லாயிரம் பாதங்களும் தேய்த்தன. 1943-இல் நேச நாட்டு விமானங்கள் பொழிந்த நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பொம்பெயியிலேயே இருந்த மியூசியக் கட்டடத்தையும் பல வீடுகளையும் தகர்த்தன. 2010 நவம்பரில், மல்லர்களின் கூடம் என வழங்கிய கட்டடம் தானே இடிந்து விழுந்ததும் உலகெங்கும் கூக்குரல் எழுந்து, 10.5 கோடி யூரோ செலவில் பெருந்திருப்பணி ஒன்று நடந்தேறியது. 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு இருபதினாயிரம் பேருக்குமேல் விடுவதில்லை. அரங்கின் ஆசனக் கணக்கும் அதுவே என்பது தற்செயல்தான். இந்தக் கட்டுப்பாடு காலந்தாழ்த்தி வந்தது என்பதே என் குறை.

நம்மவர்க்கு அங்கே ஒரு சொந்தம் உண்டு. மையோரி என்ற அகழாய்வாளர் 1938-இல் அபொண்டன்ஸா வீதியையொட்டிய ஒரு வீட்டில் தந்தத்தாலான இந்தியப் பெண்ணுருவம் ஒன்றைக் கண்டெடுத்தார். ஆபரணங்களைத் தவிர ஆடை குறைந்த, ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த உயரமுள்ள அவ்வுருவத்தை முதலில் இலட்சுமி என்றார்கள். யட்சி என்பதே இப்போது பலரின் கருத்து. அதன் பாணியை ஒத்த உருவங்கள் மகாராஷ்டிரத்தில் கிடைத்திருப்பதால், அது தக்காணத்துச் சரக்காக மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறியிருக்கலாம். தமிழகத்தின் சொந்தமோ இதைவிட நெருங்கியது. முசிறித் துறையையும், மதுரையில் வீற்றிருந்த பாண்டிய மன்னனையும், மிளகின் விலையையும், இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயம் போய்விடுகிறதே என்ற அங்கலாய்ப்பையும் தம் இயற்கை வரலாற்று நூலில் எழுதி வைத்த மூத்த பிளினி, அந்த நூலைச் சமர்ப்பித்து இரண்டாண்டுக்குள், மிசேனும் துறையின் கப்பற்படைத் தலைவராக இருந்தபோது, வெசூவியஸின் புகையைக் கண்டு ஆர்வத்தாலும், கரையில் சிக்கியவர்களை மீட்கும் எண்ணத்தாலும் கப்பலேறிப் போய், ஸ்டாபியே கடற்கரையில் மூச்சடைத்து மாண்டார். அவருடைய சகோதரியின் மகன் இளைய பிளினி வரலாற்றாசிரியர் தாசிதுஸுக்கு எழுதிய கடிதங்களால்தான் அந்த முடிவும் அந்த இரவும் நமக்குத் தெரிகின்றன.

அல்குபியேர் தோண்டுவதாக நினைத்த அந்த ஸ்டாபியே, நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோவுக்குப் போகும் சிறு ரயிலில், பொம்பெயிக்கு அப்பால் காஸ்டெல்லமாரே என்ற நிலையத்தையடுத்த குன்றின்மேல் இருக்கிறது. பொம்பெயியில் இறங்கும் கூட்டத்தில் அங்கே போகிறவர்கள் மிகச் சிலர். அரியன்னா மாளிகையும் சான் மார்க்கோ மாளிகையும் தூண்வரிசைகளோடும் சுவர்ச் சித்திரங்களோடும் கடலை நோக்கி நிற்கின்றன. பொம்பெயியில் முண்டியடித்துப் பார்ப்பதை இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். மதுரையைப் பற்றி எழுதியவர் இறந்த கரை இது என்பதால் மட்டுமன்றி, மாளிகைகளின் அழகுக்காகவும் தமிழ்ப் பிரயாணி ஒரு பகலை இதற்கென ஒதுக்குவது தகும்.