குறியீட்டெண்ணில் ஏறாத விலை: 1944ஆம் ஆண்டு மீனி–தாமஸ் அறிக்கை குறித்து ஒரு மறுவாசிப்பு

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்காவின் விலைவாசியை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், 1944 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர்களான ஜார்ஜ் மீனியும் ஆர். ஜே. தாமஸும் அளித்த அறிக்கையைத் தொழிற்சங்கப் பிரசாரம் என ஒதுக்கிவிட்டு மேலே செல்கின்றனர். 1941 ஜனவரி முதல் 1943 டிசம்பர் வரை வாழ்க்கைச் செலவு குறைந்தது 43.5 விழுக்காடு உயர்ந்தது என்றது அவ்வறிக்கை. தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் குறியீட்டெண் அதே காலத்திற்குக் காட்டிய உயர்வு 23.4 விழுக்காடு. வெஸ்லி மிட்செல் தலைமையில் சைமன் குஸ்நெட்ஸ், மார்கரெட் ரீட் ஆகியோர் அடங்கிய வல்லுநர் குழு அவ்வாண்டிலேயே இரண்டையும் ஆராய்ந்து, பணியகத்தின் எண் 3 முதல் 4 புள்ளி வரை குறைவாக இருக்கலாம், அதற்கு மேல் இல்லை என்று சொன்னது. வழக்கு அத்தோடு முடிந்தது என்பதே பரவலான கருத்து. அது முடியவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். 43.5 என்ற எண்ணை நான் ஆதரிக்கவில்லை. அதை எட்டிய கணக்குமுறை ஆய்வுக்கு நிற்காது. ஆனால் அந்த எண்ணுக்குத் துணையாக அறிக்கை முன்வைத்த குற்றச்சாட்டுகள், போர்க்காலக் குடும்பம் கடைவீதியில் எதை எதிர்கொண்டது என்பதற்குக் கிடைத்துள்ள செறிவான சான்றுகளுள் ஒன்று. வல்லுநர் குழுவின் 3–4 புள்ளியோ, அறிஞர் மூவர் ஆய்ந்து சொன்ன ஊகம். பின்வந்தோர் கையில் அது அளவீடாக மாறிவிட்டது.

எண்ணின் பின்னே என்ன இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். 1942 ஜூலையில் போர்க்காலத் தொழிலாளர் வாரியம் வகுத்த லிட்டில் ஸ்டீல் வாய்பாடு, 1941 ஜனவரி நிலைக்கு மேல் 15 விழுக்காட்டுடன் கூலி உயர்வை நிறுத்தியது. 1941 ஜனவரிக்கும் 1942 மே மாதத்திற்கும் இடையே குறியீட்டெண் ஏறிய அளவே அந்த 15. ஆகவே குறியீட்டெண்ணில் ஏறாத ஒவ்வொரு சென்ட்டும் தொழிலாளியின் கூலியிலும் ஏறவில்லை. பொருளியல் நூல்களின் பின்னிணைப்பில் கிடக்கவேண்டிய ஒரு புள்ளிவிவரம் சுரங்கத்திலும் எஃகாலையிலும் கொதிப்பை உண்டாக்கியதன் காரணம் இதுதான்.

சர்ச்சையின் மையத்தில் இருப்பது பணியகத்தின் ஒரு நடைமுறை. அதைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும்; எனக்குத் தெரிந்தவரை, அறிக்கையை நிராகரித்தவர்கள் அங்கு போதிய நேரம் நிற்கவில்லை. 1934–36ஆம் ஆண்டுகளில் கூலித் தொழிலாளர்களும் குறைந்த சம்பளக்காரர்களும் செலவிட்ட விதத்தை ஆராய்ந்து, அதிலிருந்து பணியகம் ஒரு நுகர்வுப் பட்டியலை அமைத்திருந்தது. பணியகத்தின் விலைச் சேகரிப்பாளர் பெருநகரக் கடைகளுக்குச் சென்று, பட்டியலிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அதன் தர விவரணையோடு ஒப்பிட்டு விலையைக் குறித்துவருவார். சந்தை ஒழுங்காக இருக்கும் காலத்தில் இது மிக நேர்மையான முறை. அதே பொருளை அதே தரத்தில் வாங்க எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்ற கேள்விக்கு அது துல்லியமான விடை தரும். பட்டியலிலுள்ள பொருள் கடையில் இல்லாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. வீட்டில் உடுத்தும் மலிவான பருத்தி கவுன் 1943இல் பல கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. அரசு விதித்த விலை உச்சவரம்புக்குள் நின்றுகொண்டே கூடுதல் லாபம் பார்க்க விரும்பிய உற்பத்தியாளருக்கு எளிய வழி, மலிவுச் சரக்கை நிறுத்திவிட்டு உயர்விலைச் சரக்கை மட்டும் தைப்பது. சேகரிப்பாளர் அங்கிருந்த விலையுயர்ந்த கவுனைப் பட்டியலில் சேர்க்கிறார். பழையதற்கும் புதியதற்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு, பொது விதியின்படி, தர வேறுபாடாகக் கொள்ளப்படும், தொடர் அந்த இடத்தில் இணைக்கப்படும், குறியீட்டெண் அசையாது. கூடுதல் பணம் கொடுத்த பெண்ணுக்கு, கணக்கின்படி, உயர்ந்த தரம் கிடைத்துவிட்டது.

அவள் அந்த உயர்ந்த தரத்தைக் கேட்கவில்லை என்பதே மீனி–தாமஸ் அறிக்கையின் சாரம். பணியகம் இந்தக் குறையை உணராமல் இல்லை. துணிவகைகளில் இதை ஓரளவு சரிக்கட்டவும் முயன்றது. பங்கீடு வந்தபின் 1943இல் உணவுப் பொருள்களின் எடைமதிப்பையும் மாற்றியமைத்தது. ஆனால் அறிக்கைக்கு அது அளித்த மறுமொழியின் அடிப்படைக் கருத்து வேறு. மக்கள் வேறு பொருள் வாங்குவது வாழும் முறையில் ஏற்பட்ட மாற்றம், விலையில் ஏற்பட்ட மாற்றம் அன்று. குறியீட்டெண்ணின் வேலை விலையை அளப்பது மட்டுமே. தருக்கத்தில் இதற்குக் குறையில்லை, ஒரு முன்நிபந்தனை நிறைவேறும்வரை: பழைய வாழும் முறை இன்னும் விலைக்குக் கிடைக்கவேண்டும். அது கிடைக்காதபோது ‘முறை’ வேறு ‘விலை’ வேறு என்ற பிரிவினைக்குக் கடைவீதியில் பொருளில்லை. மலிவான கவுன் இல்லாத ஊரில் கவுனின் விலை, இருக்கும் கவுனின் விலைதான். இதில் தொழிற்சங்கத் தலைவர்கள் பொருளியலாளர்களைவிடத் தெளிவாகப் பேசினார்கள் என்றே கருதுகிறேன்.

தரத்தைப் பற்றிய குற்றச்சாட்டும் இதே வகையது, திசைதான் எதிர். பெயர் அதே, விலை அதே, பொருள் குறைந்துபோனது. தாழ்ந்த தர இறைச்சி உயர்ந்த தரத்தின் விலைக்கு விற்கப்பட்டதும், கொழுப்பை வெட்டி நீக்காமலே எடைபோட்டதும் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டவை. அரசே விதித்த சிக்கனமும் உண்டு: போர்த் தளவாட உற்பத்தி வாரியத்தின் ஆணைப்படி ஆண்களின் காற்சட்டையில் மடிப்புக்கரை நீங்கியது, பெண்களின் உடையில் செலவிடும் துணிக்கு எல்லை வந்தது. செய்தித்தாளையும் இதில் சேர்க்கலாம். காகிதக் கட்டுப்பாட்டால் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. சில சென்ட் விலையுள்ள இதழ் அதே விலையில் மெலிந்தது. சேவைகளில் இது இன்னும் நுட்பமானது. டயரும் பெட்ரோலும் பங்கீட்டில் இருந்ததால் மளிகைக்கடைகள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதைக் குறைத்தன. பையைச் சுமந்து நடந்த உழைப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. வார இறுதித் தள்ளுபடி விற்பனை போனதும் அப்படியே. சிக்கனமான குடும்பத் தலைவிக்கு ஒரு பொருளின் விலை என்பது தள்ளுபடி நாளின் விலை. அது மறைந்தபோது அவளுக்கு விலை ஏறியது. வழக்கமான விலையைக் குறிக்கும் படிவத்தில் ஏறவில்லை.

வாடகையில் அறிக்கை சொல்வதை நம்புவதற்குப் புறச்சான்றும் உண்டு. குறியீட்டெண் 34 பெருநகரங்களைச் சார்ந்தது. போரோ மக்களைப் புதிய ஊர்களுக்கு இழுத்துச் சென்றது. மிச்சிகனில் இப்சிலாந்திக்கு அருகே ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் குண்டுவீச்சு விமான ஆலையில் பல்லாயிரம் பேர் வேலைசெய்தனர்; சுற்றுவட்டாரத்தில் வீடில்லை. இழுவை வண்டிகளிலும் குடிசைகளிலும் குடும்பங்கள் இருந்தன. ஒரே கட்டிலை வெவ்வேறு ஷிப்டுக்காரர்கள் மாறிமாறி வாடகைக்கு எடுத்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு இருந்த இடங்களில் வீட்டுக்காரர், அறையிலிருந்த பழைய மேசை நாற்காலிகளை விலைக்கு வாங்கினால்தான் சாவி என்று சொல்ல முடிந்தது. கட்டிலின் ஒரு ஷிப்டுக்கு எது ‘ஒப்பிடத்தக்க குடியிருப்பு’? டெட்ராய்டில் ஏற்கெனவே குடியிருந்தவரின் வாடகை உயரவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைக் கொண்டு வந்தேறிய தொழிலாளியின் செலவை அளப்பது தவறு.

இப்போது மிட்செல் குழுவின் 3–4 புள்ளிக்கு வருவோம். பின்வந்த ஆய்வுகள் அதைத் தூக்கிப் பிடிப்பது அதன் ஆசிரியர்களின் தகுதியால்தான். குஸ்நெட்ஸ் தேசிய வருமானக் கணக்கியலின் முன்னோடி. ரீட் வீட்டு உழைப்பின் பொருளியலை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அந்தத் தகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் தரச்சரிவு, மலிவுச் சரக்கின் மறைவு, சலுகை விற்பனையின் முடிவு ஆகியவற்றுக்கு ஒரு புள்ளிவிவரத் தொடர் இருந்திருந்தால் சர்ச்சையே எழுந்திராது. தொடர் இல்லை, ஆகவே குழு தன் அறிவுக்கு எட்டியவரை ஒரு வரம்பை ஊகித்தது. உச்சவரம்பை மீறி விற்கும் வணிகர் தன் உண்மையான விலையை எத்தனை முறை அரசு அலுவலரிடம் சொல்லியிருப்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. பணியகம் தகவலை மறைவாகக் காத்தது என்பது மெய்தான். அபராதத்துக்கு அஞ்சும் கடைக்காரர் அதை நம்பினாரா என்பது வேறு விஷயம். 3–4 என்பது நியாயமான கீழ்வரம்பாக இருக்கலாம். மேல்வரம்பாகவும் அதையே கொள்வதற்கு ஆதாரம் காணவில்லை.

சங்கங்களுக்குச் சுயநலம் இருந்தது என்ற மறுப்பு நெடுநேரம் நிற்கத்தக்கதன்று. கூலியை அடக்க விரும்பிய நிர்வாகத்திற்கும் சுயநலம் இருந்தது. சான்றை அதைச் சொன்னவரின் நலத்தைக் கொண்டு தள்ளினால் இரு தரப்பின் சான்றையும் தள்ளவேண்டும். தொழிலாளர் போர்க்காலத்தில் முன்னெப்போதையும்விட நன்றாக வாழ்ந்தனர் என்ற மறுப்பில் சற்றுக் கனம் உண்டு. வேலையின்மை ஒழிந்தது, மிகைநேர ஊதியம் கூடியது, 1944இல் கைக்கு வந்த வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு சேமிக்கப்பட்டது. ஆனால் வருமானம் கூடியதால் விலை ஏறவில்லை என்று ஆகாது. சேமிப்பிலும் ஒரு பகுதி, வாங்கப் பொருள் இல்லாததன் விளைவு. பொதுமக்களுக்கான கார் உற்பத்தி 1942 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. வருமான வரியைக் குறியீட்டெண்ணில் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கையில் மட்டும் பணியகத்தின் பக்கம் நிற்கிறேன். வரி விலை அன்று. ஆயினும் 1943 ஜூலையிலிருந்து சம்பள உறையிலேயே பிடித்தம் தொடங்கியபோது, கையில் வந்த தொகையை வைத்துக் கணக்குப் பார்த்தவரின் மனக்கசப்பு புரிந்துகொள்ளக்கூடியதே.

வேறொரு திசையிலிருந்து வரும் வாதம்தான் கவனத்துக்குரியது. பணத்தின் அளவை முதன்மையாக வைத்து ஆராயும் மரபினர், போர்க்காலக் குறியீட்டெண் உண்மை உயர்வை மறைத்தது என்பதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 1946 ஜூன் 30இல் விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியானது; ஜூலையில் தளர்வான வடிவில் மீண்டது; அக்டோபரில் இறைச்சி மீதான கட்டுப்பாடும் நவம்பரில் பெரும்பாலான பிறவும் போயின. அந்த ஜூனில் 133.3 ஆக இருந்த குறியீட்டெண் டிசம்பரில் 153.3. இவர்கள் கூற்றுப்படி இந்தப் பாய்ச்சலில் ஒரு பகுதி புதிய உயர்வு அன்று. மறைந்திருந்தது வெளியே வந்ததுதான். இதை ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்து அவர்கள் இறங்கும் இடம், கட்டுப்பாடே வீண் என்ற முடிவு. அதற்கு இந்தச் சான்று இடம்தராது. மறைமுக உயர்வு எல்லார் மீதும் ஒரே சீராக விழவில்லை. மலிவுச் சரக்கை நம்பியிருந்தவர்கள், தள்ளுபடி நாளுக்குக் காத்திருந்தவர்கள், ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்மேல் அது அதிகம் விழுந்தது. பழைய வீட்டில் பழைய கடைக்காரரிடம் வாங்கியவரைக் கட்டுப்பாடு உண்மையாகவே காத்தது. சராசரியில் கரைந்துபோகும் இந்த வேறுபாட்டை மீனி–தாமஸ் அறிக்கை பேசியது. அதைக் கணக்கில் எடுக்காமல் கட்டுப்பாட்டின் வெற்றி தோல்வியைத் தீர்ப்பது இயலாது.

நிறுவனங்கள் பின்னர் செய்தவை சங்கங்களின் வாதத்திற்கு மறைமுகமான ஒப்புதல். 1945இல் ‘வாழ்க்கைச் செலவு’ என்ற பெயர் கைவிடப்பட்டு, பெருநகர மிதவருவாய்க் குடும்பங்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்ற அடக்கமான பெயர் வந்தது. 1948இல் ஜெனரல் மோட்டார்ஸும் வாகனத் தொழிலாளர் சங்கமும் அகவிலைப்படியை அதே குறியீட்டெண்ணோடு பிணைத்தபோது, 1.14 புள்ளிக்கு மணிக்கு ஒரு சென்ட் என்பது விதி. தாமஸ் முன்பு தலைமை தாங்கிய சங்கமே அந்த எண்ணை ஏற்றது. அவர் 1944இல் சொன்னதை அச்சங்கம் திரும்பப் பெற்றது என்று இதைச் சிலர் வாசிக்கின்றனர். ஆனால் அதற்குள் சந்தையில் சரக்கு திரும்பியிருந்தது. பட்டியலிலுள்ள பொருள் கடையில் கிடைத்தது. குறியீட்டெண் தன் வேலையைச் செய்ய முடிந்தது. 1944இல் இல்லாத நிபந்தனை 1948இல் நிறைவேறியிருந்தது என்பதே என் வாசிப்பு. 1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் உறைநிலை உணவும் உணவகச் சாப்பாடும் பட்டியலில் இடம்பெற்றபோது, குடும்பங்கள் உண்மையில் எதை வாங்குகின்றன என்பதே கேள்வி என்பதைப் பணியகமும் நடைமுறையில் ஏற்றுவிட்டது.

மிட்செல் குழு ஒப்புக்கொண்ட 3–4 புள்ளிகூட அதிகாரபூர்வத் தொடரில் சேர்க்கப்படவில்லை. 1944இன் ரொட்டியையும் திரைப்பட நுழைவுச்சீட்டையும் இன்றைய டாலருக்கு மாற்றிக் காட்டும் ஒவ்வோர் அட்டவணையும் அந்தத் திருத்தப்படாத தொடரையே அடியாகக் கொண்டது. 1942க்கும் 1946க்கும் இடைப்பட்ட விலைகளை ஒப்பிடும் ஆய்வாளர்கள் இதை அடிக்குறிப்பிலாவது சொல்லவேண்டும். அந்த ஆண்டுகளின் உண்மைக் கூலியைப் பற்றிய முடிவுகளை, இந்த ஐயத்தைக் கணக்கில் கொண்டு, மீண்டும் பார்க்கவேண்டும்.