பசுந்தீவனம் காத்த அறிஞர்

மாடு தின்னும் புல்லிலும் ஆராய்ச்சிக்கு இடமுண்டோ என வினவுவார் உளர். பின்லாந்து தேசத்து உயிரிரசாயன அறிஞர் ஆர்த்தூரி இல்மாரி விர்த்தானன் (1895–1973) அவர்களின் வாழ்க்கையே அதற்கு விடையாகும்.

பின்லாந்திலே பனிக்காலம் நீண்டது. பல மாதங்கள் மாடுகள் தொழுவத்திலேயே அடைபட்டு நிற்கும். கோடையில் அறுத்த புல்லை உலர்த்தினாற் சத்துக் குறையும். பசுமையாகவே குழியிலிட்டு மூடினாலோ, நொதித்துப் புரதம் சிதையும். தீவனம் நலிந்தாற் பால் நலியும். பால் நலிந்தால் அதனை நம்பிய குடியானவனும் நலிவான்.

வாலியோ என்னும் கூட்டுறவுப் பாற்பண்ணைச் சங்கத்தின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த விர்த்தானன், அமிலத்தன்மை மிகுந்தால் அத்தீய நொதிப்பு அடங்கும் எனக் கண்டார். ஐதரோக்குளோரிக், சல்பூரிக் அமிலங்களை நீரிற் கலந்து பசும்புல்லின்மேல் தெளித்து, அதன் பீ.எச். அளவை 4க்குக் கீழே கொணர்ந்தார். அமிலம் பசுவுக்குத் தீங்கிழைக்காதோ என்ற ஐயம் எழுந்தது. ஊட்டிப் பார்த்தே அதனைத் தீர்த்தார். மாடுகள் நலமாயிருந்தன, புரதமும் கரட்டீனும் பெரிதும் காக்கப்பட்டமையால், குளிர்காலப் பாலிலும் உயிர்ச்சத்து ஏ நிறைந்திருந்தது.

அவர் பெயரின் முதலெழுத்துக்களால் ‘ஏ.ஐ.வி. முறை’ எனப்பட்ட இது பிறநாடுகளிலும் பரவியது. 1945இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. பிற்காலத்தில் அவ்வமிலங்களின் இடத்தைப் போமிக் அமிலம் பெற்றதெனினும், அடிப்படை மாறவில்லை.

1960களில், புரதமின்றி யூரியாவும் அமோனிய உப்புக்களுமே நைதரசன் ஊட்டமாகப் பெற்ற பசுக்கள் பால் சுரப்பதை அவர் காட்டினார். இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவற்றைப் புரதமாக்கின. குழியிலே நுண்ணுயிரை அடக்கியவர், பசுவின் வயிற்றிலே அதன் உதவியை உலகறியச் செய்தார்.