எடித் மொன்டூர்: ஒரு தாதியும் ஒரு சட்டமும்

கனடாவின் வரலாற்றில் எடித் அன்டர்சன் மொன்டூர் என்ற பெயர் வருகின்ற இடமெல்லாம் அதற்கு முன்னால் 'முதலாவது' என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. பயிற்சி பெற்றுப் பதிவு செய்யப்பட்ட முதலாவது பூர்வகுடித் தாதி; பொதுத் தேர்தலில் வாக்குரிமை பெற்ற முதலாவது பூர்வகுடிப் பெண். பெருமைக்குரிய பட்டங்கள்தாம். ஆனால் வகுப்பறையில் வரலாறு படிப்பிக்கும்போது 'முதலாவது' என்ற சொல் வந்தால் ஒரு கேள்வியைக் கேட்கும்படி என் மாணவர்களிடம் சொல்வதுண்டு: இவருக்கு முன்னர் ஏன் ஒருவரும் இல்லை? அந்தக் கேள்வியோடு அணுகினால் இந்த அம்மையாரின் வாழ்வு ஒரு தேசத்தின் சட்டங்களையும் சேர்த்தே வாசிக்கத் தருகிறது.

ஒன்ராறியோ மாகாணத்தில் கிராண்ட் றிவர் ஆற்றையொட்டி 'ஆறு தேசத்தார்' என்று அழைக்கப்படும் பூர்வகுடிகளின் ஒதுக்கிடம் இருக்கிறது. அங்கே ஓஸ்வீக்கன் என்னும் ஊரில் 1890 ஏப்ரல் 10ஆம் திகதி மொஹோக் குடும்பமொன்றின் எட்டாவது பிள்ளையாக எடித் பிறந்தார். அவரது மூதாதையர் அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியரின் பக்கம் நின்று தமது பழைய நிலங்களை இழந்தவர்கள். அதற்கு ஈடாகவே 1784இல் இந்த ஆற்றோர நிலம் வழங்கப்பட்டது. பிரித்தானிய முடியோடு நட்புப் பூண்ட தனியானதொரு தேசம் என்றே அவர்கள் தம்மைக் கருதி வந்தார்கள். அவர்களது மரபில் குலத்தின் தலைவரைத் தெரிவு செய்வதும், தவறினால் நீக்குவதும் குலத்தாய்மாரின் உரிமையாகும்.

பக்கத்து நகரான பிராண்ட்போர்ட்டில் உயர்நிலைக் கல்வியை முடித்த எடித், தாதியாக விரும்பினார். ஒன்ராறியோவின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் அவரை ஏற்க மறுத்தன. இந்த மறுப்புக்குப் பின்னால் நீண்டதொரு சட்ட வரலாறு உண்டு. 1876இல் கொண்டுவரப்பட்ட 'இந்தியர் சட்டம்' பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரையும், வைத்தியராகவோ சட்டத்தரணியாகவோ மதகுருவாகவோ ஆனவரையும் பூர்வகுடி என்ற நிலையிலிருந்து நீக்கிவிடும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. 1880இல் அது, அவரவர் விண்ணப்பித்தால் மட்டும் என்று தளர்த்தப்பட்டது. ஆனால் படித்தவர் தன் மக்களை விட்டு வெளியேறியவராகவே இருக்கவேண்டும் என்ற மனோபாவம் தளரவில்லை. படிக்க வேண்டுமானால் நீ நீயாக இருக்கக்கூடாது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தச் சட்டத்தைப் போல் மனத்தைக் கனக்கச் செய்தவை மிகச் சிலவே.

எடித் எல்லை கடந்தார். நியூயோர்க் மாநிலத்தின் நியூ றொஷெல் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து 1914இல் வகுப்பில் முதலாமவராகத் தேறினார். பின் அதே நகரில் பாடசாலைத் தாதியாகப் பணியேற்றார்.

பாடசாலைக்கென ஒரு தாதி என்பது நமக்கு அவ்வளவு பழக்கமில்லாதது. நியூயோர்க்கிலும் அது அப்போது புதியதுதான். கண்நோய், படை, பேன் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பாடசாலை வைத்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அவர்களைக் கவனிக்க எவருமில்லை. பிள்ளை தெருவில் அலையும், பாடம் போய்விடும். 1902இல் லிலியன் வால்ட் என்ற அம்மையாரின் முயற்சியால் லினா றொஜர்ஸ் என்னும் தாதி நான்கு பாடசாலைகளில் பரீட்சார்த்தமாக அமர்த்தப்பட்டார். அவர் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே மருந்திட்டார்; வீடு தேடிச் சென்று தாய்மாருக்கு விளக்கினார். ஓராண்டுக்குள் நோயைக் காட்டி வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்தது. இந்த லினா றொஜர்ஸும் ஒன்ராறியோவில் பிறந்தவரே. ஆனால் அவர் ரொறன்ரோவிலேயே தாதிப் பயிற்சி பெற முடிந்தது. ஒரே மாகாணத்துப் பெண்கள் இருவருக்கு வாய்த்த வழிகள் இவ்வாறு வேறுபட்டன.

1917இல் அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. எடித் அமெரிக்க இராணுவத் தாதியர் படையில் தொண்டராகச் சேர்ந்தார். அப்படையில் பணியாற்றிய கனடாவின் பூர்வகுடிப் பெண்கள் பதினான்கு பேர். 1918இல் அவர் பிரான்சின் விட்டெல் நகரை அடைந்தார். கனிம நீரூற்றுக்குப் பேர்போன அந்த உல்லாச நகரின் ஹோட்டல்கள் அப்போது வைத்தியசாலைகளாக மாறியிருந்தன. நச்சுப் புகையை நுகர்ந்தவர்களும் அவயவம் இழந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தனர்.

அவர் நாட்குறிப்பு எழுதினார். இருபது வயதான ஒரு போர்வீரனைப் பற்றிய பதிவு அதில் உண்டு. தேறிவருகிறான் என்று நம்பியிருந்த வேளையில் திடீர் இரத்தப் பெருக்கால் அவன் இறந்துபோனான். அன்று பெரும்பகுதி நேரம் அழுததையும் இரவில் உறக்கம் வராததையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். போருக்குப் பின்னரும் அவனது பெற்றோருடன் தொடர்பு வைத்திருந்தார். 1983இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் அளித்த நேர்காணலிலும் எரிந்த மரங்களும் இடிந்து கிடந்த ஊர்களும் அவர் நினைவிலிருந்து அகலவில்லை.

1917இல் கனடா நிறைவேற்றிய இராணுவ வாக்காளர் சட்டம் போர்ச் சேவையிலிருந்த தாதியருக்கும் வாக்குரிமை தந்தது. அதன் வழியாகவே எடித் 'முதலாவது' என்று குறிக்கப்படுகிறார். அவரது சமூகத்தார் தமது நிலையைக் கைவிடாமல் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குலத்தாய்மார் தலைவர்களைத் தெரிவு செய்த சமூகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, போருக்குப் போனதற்கான சன்மானமாக ஒரு வாக்குச் சீட்டு! இதை வெற்றி என்பதா, வேடிக்கை என்பதா?

1919இல் அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே, சம்மதமின்றியும் பூர்வகுடி நிலையைப் பறிக்க அரசுக்கு அதிகாரமளிக்கும் சட்டம் வந்தது. எதிர்ப்பினால் 1922இல் அது மீளப்பெறப்பட்டது. அதனை முன்னின்று கொணர்ந்தவர் பூர்வகுடிகள் திணைக்களத்தின் தலைமை அதிகாரி டங்கன் கம்பெல் ஸ்கொட். அவர் கனடாவின் புகழ்பெற்ற கவிஞருமாவார். ஆறு தேசத்தாரில் ஓரினமான ஒனொண்டாகாப் பெண்ணைப் பற்றி, அழிந்துகொண்டிருக்கும் இனத்தவளாக அவளைக் காட்டிக் கவிதை எழுதியவர். கவிதையில் இரக்கப்பட்டவர், அலுவலகத்தில் அவ்வழிவுக்கான கோப்பில் கையொப்பமிட்டார். இலக்கியம் செய்கின்ற நாம் இதை மறந்துவிடலாகாது.

அவரது கவிதை சொன்னபடி எதுவும் நடக்கவில்லை. எடித் திருமணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று, அதே ஒதுக்கிடத்தில் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் 1955 வரை பணிபுரிந்தார். போர்முனையில் அவர் இருந்த காலம் ஏறத்தாழ ஒரு வருடம். தன் மக்களிடையே பணிபுரிந்ததோ முப்பத்தைந்து வருடங்களுக்கும் மேல். நினைவேந்தல்களில் முதலாவது பெரிதாகவும் இரண்டாவது ஒற்றை வரியாகவும் வருவது வரலாற்றெழுத்தின் பழைய வழக்கம். அந்த ஒற்றை வரிக்குள்தான் ஓர் இனத்தின் எத்தனையோ பிரசவங்கள் இருக்கின்றன.

1996 ஏப்ரலில், 106ஆவது பிறந்த நாளுக்குச் சில தினங்களே இருக்கையில் அவர் காலமானார். பிராண்ட்போர்ட் நகரில் இன்று ஒரு வீதியும் ஒரு பூங்காவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.