மாதிரி ரயில் தெருக்காட்சி: பழவேற்காட்டுக் கரை

மாதிரி ரயில் தெருக்காட்சி என்பது, சிறிய அளவில் செய்த ரயிலையும் தண்டவாளத்தையும் நிலையத்தையும் சுற்றி, ஒரு குறிப்பிட்ட காலத்தின் தெருவை அதே அளவில் அமைக்கும் கைவினை. விளக்குக் கம்பம், மைல் கல், கடைப் பலகை, சுவர் எழுத்து, தபால் பெட்டி, மாட்டுவண்டி போன்ற சிறு பொருள்கள்தாம் அது எந்த ஆண்டு என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்கின்றன. இவற்றைக் காலக்குறிகள் எனலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக் குப்பங்களும் பொன்னேரி ரயில் நிலையமும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

முன்வரலாறு

உலகைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை தமிழ்க் கடற்கரைக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்துச் சிறுமியர் மணலில் வீடு கட்டி ஆடிய விளையாட்டு சிற்றில் எனப்பட்டது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாற்பிள்ளைக்கு உரிய கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. கட்டிய வீட்டைக் காலால் சிதைக்காதே என்று சிறுமியர் பிள்ளையிடம் இறைஞ்சுவது இம்மூன்றில் முதலாவது. பிள்ளை தேர் உருட்டுவது கடைப்பருவம். ஓரிடத்தில் நிற்கும் வீடு, அதன் பக்கத்தில் ஓடும் வண்டி என்ற இரண்டும் அங்கேயே சேர்ந்துவிட்டன. இக்கலையின் தமிழ்த் தோற்றுவாயாக இதைக் கருதலாம்.

இதன் வாரிசு எனத்தக்கது நவராத்திரிக் கொலுவின் அடியில் சிறுவர் அமைக்கும் 'பார்க்'. ஒன்பது நாளுக்கு முன்பே தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவினால், கொலு வைக்கும் நாளில் அது புல்வெளியாகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். அதன் விளிம்பை மணல் போட்டு மறைப்பார்கள். எரிந்த கரிக்கட்டியும் சுருட்டிய பழுப்புக் காகிதமும் மலையாகும். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் அந்த மலையைச் சுற்றி வரும். பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் செய்த மண் பொம்மைகள், காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மைகள் தெருவை நிரப்பும்: அரிசி பருப்போடு உட்கார்ந்த செட்டியார் தம்பதி, கிணற்றடிப் பெண்கள், கல்யாண ஊர்வலம், போலீஸ்காரர். இவற்றில் அளவு ஒத்திசையாது. செட்டியார் கோயில் கோபுரத்தைவிட உயரமாக இருப்பார். ரயில் அவர் முழங்காலுக்கும் வராது. காலமும் ஒத்திசையாது: ராமர் பட்டாபிஷேகத்துக்கு எதிரே டிராபிக் விளக்கு நிற்கும். கொலுவுக்கு அது குறையன்று, அங்கு எல்லாக் காலமும் ஒரே நாளில் கூடுகின்றன. மாதிரி ரயில் தெருக்காட்சி பிரிவது இந்த இடத்தில்தான். ஓர் அளவு, ஓர் ஆண்டு, ஓர் ஊர் என்று அது தன்னைக் கட்டிக்கொள்கிறது.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் தரப்படுத்திய தட அகலங்களோடு பொம்மை ரயிலை வைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பியின் ரயில்கள் 1920இல் வந்தன. தெருவுக்கு ரயிலுக்குச் சமமான மதிப்பைத் தந்தவர் ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர். 1925இல் இங்கிலாந்து சென்ற அவர், அங்குள்ள கூரை வீடுகள் கண்ணெதிரே மாறி அழிவதைக் கண்டு, ஓடு, செங்கல், தோட்டச் செடி வரை அளந்து சிறிதாக்கத் தொடங்கினார். அந்த வேலையே 1954இல் பெண்டன் அருங்காட்சியகமாயிற்று. அங்குள்ள கிராமம் 1920கள், 1930களைவிட்டு ஒரு நாள்கூட நகர்வதில்லை.

அளவும் தடமும்

வீட்டில் அமைப்போர் மிகுதியும் கொள்வது எச்ஓ எனப்படும் 1:87 அளவு. 1:76 என்ற பிரிட்டிஷ் அளவும், 1962இல் ஆர்னால்ட் நிறுவனம் பரப்பிய 1:160 என்ற சிற்றளவும் உள்ளன. எச்ஓ தடத்தின் அகலம் 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. ஐரோப்பியப் பாதைக்குப் பொருந்தும். இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. ஆகையால் 1:87இல் 19.3 மி.மீ. வரவேண்டும். ஆயினும் 16.5 மி.மீ. தடத்தில் இந்திய வண்டிகளை ஓட்டுவதே முறையாகும். கிடைக்கும் சக்கரமும் தண்டவாளமும் அந்த அகலத்துக்கே உரியவை. மூன்று மில்லிமீட்டரைத் தேடி அலைபவர் தெருவுக்கு வந்து சேர்வதில்லை.

இந்த அளவில் ஐந்தரை அடி ஆள் 19 மி.மீ. உயரம். ஏழு மீட்டர் கட்டுமரம் 8 செ.மீ. அரிக்கேன் விளக்கு ஓர் எள்ளைவிடச் சற்றுப் பெரிது. பனைமரம் இருபது மீட்டர் என்றால் 23 செ.மீ. நிற்கும், பலர் அது மிகை என்று எண்ணிப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள், வெட்டிய பின் அந்தக் கரை பழவேற்காடாக இருப்பதில்லை. ஏரியிலிருந்து அள்ளிய மணலை அப்படியே கொட்டுவதும் தவறு. 0.3 மி.மீ. மணல் பருக்கை இந்த அளவில் நெல்லிக்காய் அளவு கல்லாகிவிடும். வண்டலைக் காயவைத்து மல் துணியில் சலித்துப் போட வேண்டும். கொசுவலையும் அப்படித்தான்: அதன் கண் நான்கங்குல வலைக்கண்ணாகத் தெரியும், காயத்துக்குக் கட்டும் வலைத்துணியைவிட மெல்லிய பழைய நைலான் துணியே மீன்வலைக்கு நெருங்கி வரும். தென்னை ஈர்க்கை நறுக்கி நூலால் பிணைத்தால் கட்டுமரம் அமையும். வெளிநாட்டு ஆள் பொம்மைகள் கோட்டும் தொப்பியுமாக வருபவை. கோட்டைச் சுரண்டி, மெல்லிய காகிதத்தில் வேட்டி சுற்ற வேண்டும்.

தூரம் இன்னொரு சிக்கல். பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள பொன்னேரிதான் நிலையம். 1:87இல் அந்தச் சாலையே 207 மீட்டர் நீளும். ஆகவே மேசையின் ஒரு முனையில் நிலையம், மறு முனையில் ஏரி, இடையில் ஒரு வளைவும் ஒரு பனந்தோப்பும் வைத்துச் சுருக்குவது வழக்கம். சென்னை–விஜயவாடாப் பாதை 1899இல் இணைந்தது. அதற்கு முன் சென்னைக்குச் சரக்கு போன வழி பக்கிங்காம் கால்வாய். 1806இல் தொடங்கிய இக்கால்வாய் பழவேற்காடு ஏரியோடு இணைந்து வடக்கே நீண்டது. 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் வளர்ந்து, அப்போதைய ஆளுநரின் பெயரை 1878இல் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டா விறகு அதில்தான் படகேறி நகரம் சென்றது. 1965, 1966 புயல்களில் சிதைந்த பிறகு அது மீளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியை அமைப்பவர் ரயிலுக்கு அருகே ஒரு விறகுப் படகையாவது மிதக்கவிட வேண்டும்.

கரையின் தெரு

நகரத் தெருவுக்கு இரண்டு பக்கமும் கடை உண்டு. குப்பத்துத் தெரு வீட்டுக்கும் நீருக்கும் இடைப்பட்ட மணல்வெளி. அங்குதான் வலை உலரும், கருவாடு காயும், பாடு பற்றிய பேச்சு நடக்கும். பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் மரபு. ஆகவே அங்கே விளக்குக் கம்பத்தைவிட முக்கியமான தெருப்பொருள் வலைதான். காலத்தைத் திட்டமாகக் காட்டுவதும் அதுவே. பருத்தி நூல் வலைகளைப் புளியங்கொட்டைச் சாறு போன்றவற்றில் தோய்த்து உரமேற்றுவார்கள். அவை கருஞ்சிவப்பாக இருக்கும். நைலான் வந்தபின் மணலில் நீலமும் பச்சையும் ஏறின. கட்டுமரமும் பலகைப் படகும் மட்டும் கிடந்தால் அது பழைய கரை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகி நிறம் தீட்டிய வரிசைகளாயின. நைலான் நீலத்தை 1930இன் கரையில் விரித்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் நீராவி எஞ்சின் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

எல்லாக் காலத்துக்கும் மாறாமல் நிற்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமாக இவ்வூரை வைத்திருந்தவர்களின் கல்லறைகள் அவை. வாசலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய தூண்கள் உண்டு. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எந்த ஆண்டை அமைத்தாலும் இந்த வாசலை வைக்கலாம். சுவரில் ஏறிய பாசியின் நிறம் மட்டும் மாறும்.

எழுத்தும் சின்னமும்

தமிழகத் தெருவில் எழுத்தைப் போலத் துல்லியமான காலக்குறி வேறில்லை. 1978 அக்டோபரில் அரசு ஆணையால் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் இப்போதைய வடிவம் பெற்றன. பெரியார் 1935 முதலே 'குடிஅரசு' இதழில் இவ்வடிவைக் கையாண்டவர். ஆனால் கடைப் பலகைகளில் அது பரவியது ஆணைக்குப் பின்தான். 1960இன் பெட்டிக்கடையில் 'வெற்றிலை' என்று எழுதும்போது லையின் கொம்பு தனியே நில்லாது, மேலே யானைத் துதிக்கைபோல் சுழிந்து எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் எழுத்தில் இது தெரியுமா என்பார்கள். தெரிகிறது, தமிழ் படித்த கண் முதலில் அங்கேதான் போகும்.

நிலையப் பெயர்ப்பலகையும் அப்படியே. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. அதற்கு முந்திய நிலையத்தில் பழைய கம்பெனியின் அடையாளங்களே இருக்க வேண்டும். 1952 ஆகஸ்டில் திராவிட இயக்கத்தார் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தனர். அந்த ஆண்டைத் தேர்ந்தவர் ஒரு கரிய தீற்றலால் முழு வரலாற்றையும் சொல்லிவிட முடியும்.

சுவரில் தீட்டிய தேர்தல் சின்னங்கள் காலத்தை இன்னும் நெருக்கமாகக் காட்டுவன. நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, 1969இல் காங்கிரஸ் பிளவுபடும்வரை. பசுவும் கன்றும், 1971 முதல் 1977 வரை. கை, 1978 முதல். இரட்டை இலை, 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன் அ.தி.மு.க. சின்னமாக எந்தச் சுவரிலும் இருக்க முடியாது.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். விலைப்பலகையில் நயா பைசா தொடங்கியது 1957 ஏப்ரலில். மைல் கல் கிலோமீட்டர் கல்லானது 1960களில். வண்டி எண் 'டிஎன்' என்ற எழுத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண்ணும் சேர்ந்து வருவது 1989 ஜூலைக்குப் பின். 'செங்கல்பட்டு மாவட்டம்' என்ற பலகை 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததும் பொய்யாயிற்று. சென்னை–விஜயவாடாப் பாதை 1980 வாக்கில் மின்மயமானதால், அதற்கு முந்திய ஆண்டை அமைப்பவர் பொன்னேரிக்கு மேலே மின்கம்பி கட்டக் கூடாது. பெட்டிகளின் பழைய செங்காவி நிறம் 1990களில் நீலமாயிற்று. பின்திரையில் வடசென்னை அனல் மின்நிலையப் புகைபோக்கிகளை எழுதுவோர் 1990கள் முதல் மட்டுமே எழுதலாம். வடக்கு வானில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டின் புகைக்கோடு 1971 அக்டோபர் 9 முதல் இடம்பெறலாம்.

தற்கால நிலை

புனேயில் 1998 முதல் ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகமும், சென்னை பெரம்பூரில் 2002 முதல் ரயில் அருங்காட்சியகமும் உள்ளன. முப்பரிமாண அச்சு வந்தபின் இந்தியத் தெருப்பொருள்களை வீட்டிலேயே வார்ப்பவர்கள் பெருகி வருகின்றனர்.