கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளாட்சி வாக்குரிமை

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் ஒருவருக்கு எத்தனை ஓட்டு என்பதை அவருடைய வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஊராட்சியில் குடியிருப்பவர் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி நான்கு ஓட்டுப் போடுகிறார். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்காரர் மின்னணு இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வருகிறார். தென்னந்தோப்பும் வாழையும் வயலுமாகத் தெரியும் இம்மாவட்டத்தில் பெரும்பாலோர் சட்டப்படி நகரவாசிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தம் 18,70,374 பேரில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தார் என்று பதிவானது.

வீடுகள் இடைவெளியின்றி ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பதால் இங்கே பேரூராட்சிகள் பெருகின. ஒருகாலத்தில் 55 இருந்தன. ஆளூரும் தெங்கம்புதூரும் நாகர்கோவில் மாநகராட்சியோடு சேர்ந்தன. கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து 2021-ல் கொல்லங்கோடு நகராட்சி ஆயின. அப்போது மீதி 51. குழித்துறை, குளச்சல், பத்மநாபபுரம் ஆகியவை பழைய நகராட்சிகள். கிராமப்புறத்தில் 95 ஊராட்சிகள், 9 ஊராட்சி ஒன்றியங்கள், மாவட்ட ஊராட்சி ஒன்று. ஊராட்சியைப் பேரூராட்சியாகவோ மாநகராட்சிப் பகுதியாகவோ மாற்றுவதாகப் பேச்சு எழுந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பதுதான் மக்கள் முதலில் சொல்லும் குறை. மூன்று ஓட்டுகள் குறைவதைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இப்பகுதியின் வாக்குரிமை வரலாறு தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களினுடையது அல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், அதன் தொடர்ச்சியான திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. 1904-ல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையின் காலத்தில் குறிப்பிட்ட அளவு நிலவரி கட்டியவர்களைப் போன்ற சிலருக்கே ஓட்டு இருந்தது. 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூர் பிரதிநிதி சபைக்கு நடந்த தேர்தலில்தான் வயதுவந்த அனைவருக்கும் அது கிடைத்தது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்றாண்டுகளுக்கும் மேலாக முன்பே நாஞ்சில் நாட்டுக் குடியானவரும் விளவங்கோட்டுப் பனையேறியும் சொத்து, வரி என்ற கேள்வியில்லாமல் வாக்களித்துவிட்டனர். தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அத்தேர்தலில் 14 இடங்களை வென்றது.

இன்றைய உள்ளாட்சித் தேர்தல்களை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் நகர்ப்புறச் சட்டங்களையும் கொண்டு மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. ஆனால் வாக்காளர் பட்டியல் அதன் சொந்தத் தயாரிப்பு அல்ல. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றப் பட்டியலை வாங்கி, அதிலுள்ள பெயர்களை வார்டு வாரியாகப் பிரித்து அடுக்குகிறது. எனவே உள்ளாட்சியில் ஓட்டுப் போட விரும்புகிறவரும் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு தொகுதிகளில் ஒன்றின் பட்டியலில்தான் இடம்பெற வேண்டும். புதிதாகச் சேர படிவம் 6. நீக்க படிவம் 7. திருத்தவோ வீடு மாறவோ படிவம் 8. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 6ஏ. இணையத்திலும் கொடுக்கலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். 18 வயதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளும் கணக்கில் வருகின்றன. 2025 நவம்பர் 4-ல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களும் கணக்கீட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டியிருந்தது.

வார்டு பிரிக்கும் இடத்தில்தான் சிக்கல் வரும். சட்டமன்றப் பட்டியலின் ஒரு பாகத்தில் இரண்டு வார்டுகளின் தெருக்கள் கலந்திருக்கலாம். கதவிலக்கம் தவறாகப் பதிந்திருந்தால் கணவன் பெயர் ஒரு வார்டிலும் மனைவி பெயர் பக்கத்து வார்டிலும் போய் விழும். சட்டமன்றத் தேர்தலில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஆனால் சில நூறு ஓட்டுகளே உள்ள ஊராட்சி வார்டில் நான்கு குடும்பம் இடம் மாறினால் முடிவே மாறலாம். ஆகவே வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காமல், வரைவு வெளியாகும்போது வார்டுப் பட்டியலைப் பார்ப்பதே விவரமானவர்களின் வழக்கம். அட்டை இல்லாதவர் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்ற ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லாதவரை எந்த அட்டையும் காப்பாற்றாது.

ஊராட்சி வாக்குச்சாவடியில் வாக்காளர் கைக்கு வருவது வண்ணக் கட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுகள் இருந்தால் இரண்டாவது வார்டுக்கு இளநீலம். முதல் இரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது; பூட்டு சாவி, கை உருளை போன்ற தனிச் சின்னங்களில் போட்டி. பின் இரண்டில் கட்சிகள் நேரடியாக இறங்குகின்றன. ஒரே மறைப்புக்குள் நின்று முதலில் சொந்தக்காரரையும் பிறகு கட்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முத்திரை மை அடுத்த சின்னத்தின் மேல் படியாதபடி மடிப்பதில் வயதானவர்களுக்குத் தடுமாற்றம் உண்டு. நான்கு சீட்டும் ஒரே பெட்டிக்குள் விழுவதால், எண்ணும் நாளில் முதல் பாதி வண்ணம் பிரிப்பதிலேயே கழியும். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் பதிவான ஓட்டுகளை 2020 ஜனவரி 2 காலையில் எண்ணத் தொடங்கினார்கள். மாநிலத்தில் பல இடங்களில் மறுநாளும் எண்ணிக்கை நீடித்தது. சமமாக ஓட்டு விழுந்தால் குலுக்கல்.

நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரி 19-ல் வாக்குப்பதிவு நடந்தது. நாகர்கோவில் மாநகராட்சி தரம் உயர்ந்த பின் சந்தித்த முதல் தேர்தல் அது, 52 வார்டுகள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். ஊராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிராமத்தாருக்கு இருக்க, மாநகர வாக்காளருக்கு மேயர் விஷயத்தில் அது இல்லாதது விசித்திரம்தான்.

யாரால் வாக்களிக்க முடிவதில்லை என்பதும் இம்மாவட்டத்துக்கே உரிய கேள்வி. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குகிறார்கள். அவர்களுக்கு அஞ்சல் ஓட்டு இல்லை. வளைகுடாவில் வேலை செய்பவர் 6ஏ படிவத்தில் பெயர் சேர்த்தாலும் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். பேச்சிப்பாறை அணையின் மறுகரையிலுள்ள காணிப் பழங்குடியினருக்குப் படகுதான் பாதை.

எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் ஏற்பாடே வேறு. கேரளத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சிக்கெனத் தனிப் பட்டியல் தயாரிக்கிறது. கிராமத்தாருக்கு மூன்று ஓட்டு, இயந்திரத்தில். ஊராட்சித் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லையின் இரு பக்கமும் உறவும் வீடும் உள்ளவர்கள் இரு பக்கமும் பெயர் வைத்திருப்பதாகப் புகார்கள் எழுவதுண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிப் பட்டியலில் இருக்கக் கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை.

கன்னியாகுமரி மாவட்ட ஊராட்சிகளில் 2019 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று.